கேள்வி நேரம்: கிரான்பெர்ரி ஜூஸ் குடித்தால் நீர்க்கடுப்பு நிற்குமா?

கேள்வி: "எனக்கு இந்த ஒரு வருஷத்தில் நாலு தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் நிற்கிறது, மறுபடி வருகிறது. டவுனில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் கிரான்பெர்ரி ஜூஸ் என்று பாட்டில் வாங்கி வந்தார். அதில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதிகம், நீர்க்கடுப்பு, சர்க்கரை, இதயம் எல்லாவற்றுக்கும் நல்லது என்றார். இப்போது வீட்டில் எல்லோரும் குடிக்கிறோம். இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் என் மாமியாரும் குடிக்கிறார். ஒரு பாட்டிலின் விலை எனக்கு ஒன்றரை நாள் களையெடுக்கும் கூலி. இதற்கிடையில் ஒருவர் வந்து கிரான்பெர்ரி நாற்று தருகிறேன், செடி 250 ரூபாய் என்கிறார். 20 சென்ட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கொல்லையில் வேலை செய்யும்போது ஒதுங்க இடம் கிடையாது என்பதால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. அதனாலும் இருக்குமோ? பெயர் போட வேண்டாம்."

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இந்தக் கடிதத்தில் தள்ளிப்போட முடியாத விஷயம் மாமியாருடையது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்ற மாத்திரை கொடுப்பது வழக்கம். இந்த மாத்திரையின் வேகம் கூடினால் உடம்பின் உள்ளே ரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி உட்காரும். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றுகிறார்கள். கிரான்பெர்ரி ஜூஸ் குடித்த சில நோயாளிகளுக்கு இந்த மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு ஏற்பட்டதாகத் தகவல்கள் வந்ததால், 2003-ல் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இந்த ஜூஸைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டும் என்று எச்சரித்தது. பிறகு நடந்த சிறிய ஆய்வுகளில், கொஞ்சமாகக் குடித்தால் பெரிய மாற்றம் இல்லை என்றே தெரிந்தது. ஆனாலும் வால்வு வைத்த ஒருவர் இதில் சோதனை செய்து பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மாமியார் ஜூஸை நிறுத்திவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இத்தனை நாள் ஜூஸ் குடித்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனையைச் சீக்கிரமே செய்துகொள்வது நல்லது. ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிய தழும்பு, கறுப்பாக மலம் போவது இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி பழத்துக்கு வரலாம்.

கிரான்பெர்ரி வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசத்துச் சதுப்பு நிலப் பயிர். மரமும் இல்லை, புதரும் இல்லை. கொடி போலத் தரையோடு படர்ந்து, அதிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கிளைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றில்தான் காய். தண்ணீரில் பழங்கள் சிவப்புக் கம்பளம் போல மிதக்க, விவசாயிகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்து, நெல் மாதிரி தண்ணீரிலேயே வளரும் பயிர் என்று நினைத்துவிடக் கூடாது. வளரும் காலம் முழுவதும் மண்ணில் ஈரம் மட்டும்தான் இருக்கும். அறுவடைக்குத்தான் பாத்தியில் தண்ணீர் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் காற்று நிறைந்த நான்கு அறைகள் இருப்பதால், கொடியிலிருந்து உதிர்த்துவிட்டதும் பழம் மிதந்து மேலே வருகிறது; தள்ளிக்கொண்டு போய் ஓர் ஓரத்தில் அள்ளிவிடலாம். கடுங்குளிர் மாதங்களில் இன்னொரு முறை தண்ணீர் கட்டுவார்கள். அது மேலே பனிக்கட்டியாக உறைந்து, கீழே இருக்கும் கொடியைக் குளிர்க்காற்றிலிருந்து காப்பாற்றும்.

அங்குள்ள பூர்வகுடி மக்கள் காட்டிலிருந்து பறித்துச் சாப்பிட்ட பழம் இது. உலர்ந்த இறைச்சி, கொழுப்போடு சேர்த்து இடித்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பயிராக்கியது பின்னால்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் ஹென்றி ஹால் என்பவர் 1816-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கடற்கரை மணல் காற்றில் பறந்து வந்து காட்டுக் கொடிகளை மூடிய இடத்தில், அவை அழிந்துபோவதற்குப் பதிலாக இன்னும் செழிப்பாகக் காய்த்தன. இன்றைக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடிகளின் மேல் மெல்லிசாக மணல் பரப்புவது அங்கே வழக்கமாக இருக்கிறது. இப்போது அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது; மாசசூசெட்ஸ் அடுத்த இடம்.

இந்தப் பழம் எப்படி "ஆரோக்கிய பானம்" ஆனது என்பது விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. வெறுமனே வாயில் போட்டால் முகம் சுளிக்க வைக்கும் புளிப்பும் துவர்ப்பும். அதனால் அமெரிக்கர்கள் வருஷத்தில் ஒரு பண்டிகைக்கு, நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாளுக்கு, சர்க்கரை போட்டுச் சட்னி மாதிரி செய்து சாப்பிடுவதோடு சரி. 1959 நவம்பர் 9-ஆம் தேதி, பண்டிகைக்கு 17 நாள் இருக்கும்போது, அமைச்சர் ஆர்தர் ஃப்ளெமிங் ஓர் அறிவிப்பு விட்டார். ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலிருந்து வந்த சில பழங்களில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் எச்சம் இருக்கிறது, அது எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்றார். அறுவடை முடிந்த பிறகு மட்டுமே அடிக்க வேண்டிய மருந்தைச் சிலர் காலம் தவறி அடித்ததன் விளைவு அது. மருந்தே அடிக்காத விவசாயிகளின் பழமும் கடைகளில் தேங்கியது. தேர்தல் நேரமாக இருந்ததால், விஸ்கான்சினுக்குப் பிரசாரத்துக்கு வந்த நிக்சன் கிரான்பெர்ரி சாப்பிட்டும், கென்னடி அதன் ஜூஸைக் குடித்தும் காட்டினார்கள். அந்த ஆண்டு விற்பனை அதனால் எழுந்துவிடவில்லை. பின்னர் அரசு விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தது.

ஒரு பண்டிகையை மட்டும் நம்பியிருந்தால் பிழைக்க முடியாது என்று அந்த ஆண்டு விவசாயிகளுக்குப் புரிந்தது. கிரான்பெர்ரி விவசாயிகளில் பெரும்பாலோர் 1930-ல் தொடங்கிய ஓஷன் ஸ்ப்ரே கூட்டுறவில் இருப்பவர்கள். இன்றைக்கும் சுமார் 700 விவசாயக் குடும்பங்களுக்குச் சொந்தமானது அது. வருஷம் முழுவதும் விற்கும்படி ஜூஸுக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். பிறகு சர்க்கரை ஏற்றி உலர்த்திய பழம் வந்தது. 1990-களின் நடுவில் 45 கிலோ கொண்ட ஒரு பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் கிடைத்தது. அதைப் பார்த்து எல்லோரும் பரப்பைக் கூட்டினார்கள். 1999-ல் விலை 20 டாலருக்குக் கீழே விழுந்தது. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் விற்பனைக்கு வரும் அளவையே அரசு ஆணை போட்டுக் குறைக்க வேண்டியிருந்தது. தக்காளி விலை பார்த்துத் தக்காளி போட்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

விற்காத பழத்தை விற்க, அது உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்யப் பணம் போட்டார்கள். தங்கள் விளைபொருளுக்காக விவசாயிகள் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் கிரான்பெர்ரி பற்றி வரும் நல்ல செய்திகளில் கணிசமானவை அதை விற்பவர்களின் பணத்தில் நடந்தவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றால் என்ன? வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது. நல்லெண்ணெய் திறந்து கிடந்தால் காறல் வாடை அடிக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. உடம்புக்குள்ளும் அதுபோன்ற மாற்றங்கள் ஓயாமல் நடக்கின்றன; அவற்றைத் தடுக்கும் பொருள்களுக்குத்தான் அந்தப் பெயர். கிரான்பெர்ரிக்குச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின், துவர்ப்பைத் தரும் புரோ-ஆந்தோசயனிடின், கூடவே கொஞ்சம் வைட்டமின் சி எல்லாம் இந்த வகை. சோதனைக் குழாயில் வைத்து அளந்தால் கிரான்பெர்ரி நல்ல மதிப்பெண் வாங்கும். பொய் இல்லை.

சிக்கல், சோதனைக் குழாய் வேறு, வயிறு வேறு என்பதில்தான். இந்த நிறப் பொருள்களில் மிகச் சிறு பங்குதான் அப்படியே ரத்தத்துக்குள் போகிறது. மீதியைக் குடலும் அங்குள்ள நுண்ணுயிர்களும் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் எந்த உணவுக்கு எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் சக்தி என்று எண்கள் போட்டுப் பெரிய பட்டியலே வைத்திருந்தது. 2012-ல் அந்தப் பட்டியலை அந்தத் துறையே எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடக்கும் பலனுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதே காரணம். பாட்டிலின் மேல் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று கொட்டை எழுத்தில் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அதிகம் சாப்பிட்டால் அதிக நன்மை என்பதும் சரியில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின், ஆன்டி-ஆக்ஸிடன்ட் வகையைச் சேர்ந்தது. அதை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பினார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நோய் 18 சதவிகிதம் கூடியிருந்தது. காரட்டைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. காரட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து, அளவுக்கு மீறிக் கொடுத்ததில்தான் வம்பு.

வாசகி கேட்ட நீர்க்கடுப்பில் மட்டும் கிரான்பெர்ரிக்கு உண்மையான ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை விளம்பரம் சொல்லும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் குணம் செய்வதாகத் தெரியவில்லை.

பெரும்பாலான நீர்க்கடுப்புக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. குடலில் சாதாரணமாக வசிப்பது, சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால் தொல்லை. பெண்களுக்கு அந்தப் பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான் என்பதால் அவர்களுக்கே அதிகம் வருகிறது. உள்ளே போன பாக்டீரியா, மெல்லிய மயிர் போன்ற உறுப்புகளால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. இல்லாவிட்டால் சிறுநீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். கிரான்பெர்ரியில் இருக்கும் ஏ வகைப் புரோ-ஆந்தோசயனிடின் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன், ஜூஸ் சிறுநீரைப் புளிப்பாக்கி பாக்டீரியாவைக் கொல்கிறது என்று வெகுகாலம் நம்பிவந்தார்கள். குடிக்கும் அளவுக்கு அது நடக்காது. பாக்டீரியா சாகவில்லை, ஒட்ட முடியாமல் போகிறது. அதனால்தான், வராமல் தடுக்கக் கொஞ்சம் உதவலாமே தவிர, வந்துவிட்ட நீர்க்கடுப்பை இது குணமாக்காது. எரிச்சல் ஆரம்பித்த பிறகு ஜூஸை நம்பி நாலு நாள் காத்திருந்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏற அவ்வளவு நேரம் கொடுத்ததாக ஆகும்.

தடுப்பதிலும் எல்லோருக்கும் பலன் ஒரே மாதிரி இல்லை. 1994-ல் வயதான பெண்கள் 153 பேருக்குத் தினமும் 300 மி.லி. கிரான்பெர்ரி பானம் கொடுத்த ஆய்வில் பலன் தெரிந்தது. 2016-ல் முதியோர் இல்லங்களில் இருந்த 185 பெண்களுக்கு ஒரு வருஷம் கிரான்பெர்ரி மாத்திரை கொடுத்த ஆய்வில் வித்தியாசமே இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று முரணாக வந்த 50 ஆய்வுகளை, மொத்தம் 8,857 பேர், காக்ரேன் என்ற அமைப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2023-ல் முடிவு சொன்னது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களுக்கு, மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது. குழந்தைகளுக்குப் பாதிக்குப் பாதி குறைகிறது. கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், சிறுநீர் முழுவதும் வெளியேறாத கோளாறு உள்ளவர்களுக்கும் பலன் தெரியவில்லை. சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் இதை மருந்தாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது.

வாசகி "அடிக்கடி வரும் பெண்கள்" கூட்டத்தில் வருகிறார். ஆகவே கொழுந்தனார் சொன்னதில் கால்வாசி சரி. ஆனால் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சர்க்கரை சேர்க்காத கிரான்பெர்ரிச் சாற்றைக் குடிப்பது கஷ்டம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கால்பங்கு சாறு, மீதி தண்ணீரும் சர்க்கரையும். நம் நாட்டு விதிப்படி பாக்கெட்டில் எந்தப் பொருள் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து சர்க்கரை இருந்தால், வீட்டில் எல்லோரும் தினமும் குடிப்பது சர்க்கரைத் தண்ணீர். உலர்ந்த கிரான்பெர்ரி இன்னும் மோசம். 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நினைத்து யாராவது குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட வேண்டும்.

வைட்டமின் சி-க்காக என்றால், 100 கிராம் கிரான்பெர்ரியில் இருப்பது சுமார் 14 மில்லிகிராம். கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, நெல்லிக்காயில் அதற்கும் மேல். திருவண்ணாமலைப் பக்கம் வேர்க்கடலை விளைவதால் இன்னொன்றும் சொல்லலாம்: வேர்க்கடலைப் பருப்பின் மேலுள்ள மெல்லிய செந்தோலிலும் ஏ வகைப் புரோ-ஆந்தோசயனிடின் இருக்கிறது. ஆனால் கடலைத் தோல் நீர்க்கடுப்பைத் தடுக்கும் என்று யாராவது பொடி செய்து விற்க வந்தால் வாங்க வேண்டாம். ஒரு பொருள் ஒரு பயிரில் இருப்பதும், அது சிறுநீர்ப்பை வரை போய் வேலை செய்வதும் வேறு வேறு.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், வாசகி தண்ணீர் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். ஆம், அதனாலும் இருக்கும்.

2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அவருடைய நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது. வருஷத்தில் மூன்று முறைக்குக் குறையாமல் நீர்க்கடுப்பு வந்த, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே தண்ணீர் முதலியவற்றைக் குடித்துவந்த 140 பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில், பழையபடி குடித்தவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை நீர்க்கடுப்பு வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறைதான். ஏறக்குறைய பாதி. கிரான்பெர்ரி கொடுக்கும் பலனைவிட இது பெரியது. (இந்த ஆய்வுக்கும் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீர் விற்கும் நிறுவனம்தான். ஆனால் வீட்டுக் குடத்துத் தண்ணீரும் சிறுநீர்ப்பையை அதே மாதிரிதான் கழுவிவிடும்.) அந்தப் பெண்கள் வெயிலில் குனிந்து களையெடுப்பவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வேர்வையில் போகும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் கொல்லையில் வேலை செய்பவருக்கு இன்னும் அதிகம் வேண்டும். நீராகாரம், மோர், இளநீர், சீரகத் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாகப் போகிறதா என்பதே அளவுகோல். சிறுநீரகமோ இதயமோ பலவீனமாகி, தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம். குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது? நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் காலையில் கிளம்பும்போதே தொண்டையைக் காயப்போட்டுக்கொண்டு போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. மோட்டார் கொட்டகைக்குச் செலவழிக்கிற வீடுகளில்கூட, அதன் பின்பக்கம் நாலு கழி நட்டு, மூன்று பக்கம் கீற்று கட்டி, ஒரு குடம் தண்ணீர் வைக்கும் யோசனை வருவதில்லை. நாலைந்து கீற்றும் அரைநாள் வேலையும் ஆகும். வாசகியின் வீட்டுக்காரர் 20 சென்ட்டில் செடி வைக்கும் முன் இதைச் செய்யலாம். ஆள் வைத்துக் களையெடுக்கும் மற்ற வாசகர்களும் செய்யலாம். வேலை நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போய்வருவது அவசியம். அடக்கி வைத்தால், உள்ளே இருக்கும் பாக்டீரியா பெருக நேரம் கிடைக்கும். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், தாம்பத்தியத்துக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவதும் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது. வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இதைக் கூச்சப்படாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மருந்துக்கடை மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். வருஷத்தில் நாலு முறை வந்தால் கடைக்காரரைக் கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, சிறுநீரைச் சாதாரணப் பரிசோதனையோடு விடாமல், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனைக்கும் கேட்க வேண்டும். கூடவே ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். அடிக்கடி வரும் நீர்க்கடுப்பை வைத்துத்தான் சிலருக்குச் சர்க்கரை நோயே தெரியவருகிறது. இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால், சாகாமல் தப்பிய கிருமிகளே அடுத்த முறை வரக்கூடும். எழுதிக்கொடுத்த நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகு வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு லேசான எரிச்சலாக இருந்தாலும் அதே அவசரம்; தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைப்பிரசவம் வரை போகலாம்.

கடைசியாக நாற்று. கிரான்பெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டும், கார அமில நிலை 4 முதல் 5.5-க்குள். நம் பக்கத்துப் போர் தண்ணீரைப் பாய்ச்சினாலே அது போய்விடும். அதைவிட முக்கியம் குளிர். வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நேரம் குளிர்காலத்தில் ஆயிரம் மணிக்கு மேல் சேர்ந்தால்தான் அடுத்த பருவத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஜவ்வாது மலை உச்சியிலும் அந்தக் கணக்கு நிறையாது. கிரான்பெர்ரியின் வாக்சினியம் இனத்தைச் சேர்ந்த சில செடிகள் நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் இயற்கையாகவே இருக்கின்றன. ஆனால் அவை வேறு செடிகள், சமவெளிக்கு வராதவை.

அப்படியானால் 250 ரூபாய்க்குக் காட்டிய செடி என்ன? பெரும்பாலும் களாக்காயாக இருக்கும். "இந்தியன் கிரான்பெர்ரி" என்று அதற்கு வியாபாரப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. களா, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கேக்கின் மேல் வைக்கும் சிவப்புச் "செர்ரி"யும் பல இடங்களில் சாயமும் சர்க்கரைப் பாகும் ஏறிய களாக்காய்தான். இத்தனை வேஷம் போட்டும் அந்தப் பாவத்துக்குத் தன் சொந்தப் பெயரில் மரியாதை வரவில்லை. கிரான்பெர்ரிக்கு நடந்தது போன்ற ஆய்வுகள் நடக்காததால், நீர்க்கடுப்புக்குக் களாக்காய் உதவும் என்று சொல்ல முடியாது. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு தாண்டாத முள்வேலியாகும், ஊறுகாய்க்குக் காய் கொடுக்கும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. வேலி ஓரத்தில் 3 அடிக்கு ஒன்றாக வைக்கலாம். பழுத்த காயிலிருந்து எடுத்த விதையை, உலர்ந்துபோகும் முன் உடனே போட்டால் வீட்டிலேயே நாற்று கிடைத்துவிடும். அதற்கு 250 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

நாற்றுக்காரர் மறுபடி வந்தால் ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்கலாம். வெள்ளையாகப் பால் வடிந்து, கணுவில் கவட்டை முள் இருந்தால் அது களா. கிரான்பெர்ரிக்குப் பாலும் இல்லை, முள்ளும் இல்லை. இலை சுண்டுவிரல் நகத்தளவுதான், செடி நிமிராமல் தரையில்தான் ஓடும். பழத்தைக் காட்டினால் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே நான்கு வெற்று அறைகள் இருந்தால்தான் அது கிரான்பெர்ரி.